விமானக் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டலாமா?

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் நம் கேட் பக்கத்தில் குடை போட்டு இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். விமான நிறுவனத்தின் பெயர் போட்ட கிரெடிட் கார்டு. "டிக்கெட் இலவசம், லவுஞ்ச் இலவசம், ஆண்டுக் கட்டணம் வெறும் ஐயாயிரம்தான் அங்கிள்." அதற்குப் பிறகு நம் வாட்ஸ்ஆப் குழுவில் நாலு நாளைக்கு வேறு பேச்சே இல்லை. தண்ணீர் லாரி வராததைக்கூட யாரும் கேட்கவில்லை. செயலாளர் என்னைப் பிடித்து, "சார், நீங்கள் வங்கியில் இருந்தவர், நீங்களே கொஞ்சம் பேசிவிடுங்கள்" என்றார்.

சீக்கிரம் கிளம்ப வேண்டியவர்களுக்காக விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தக் காசில், ஒரே விமான நிறுவனத்தில், அடிக்கடி பறப்பவருக்கு அந்தக் கார்டு கட்டுப்படியாகும். வருடத்துக்கு ஒரு தடவை பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறவருக்குக் கட்டுப்படியாகாது. இனி கணக்கு.

ஐயாயிரம் என்றால் ஐயாயிரம் இல்லை. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 5,900 ரூபாய். இது ஒவ்வொரு வருடமும் யாரையும் கேட்காமல் உங்கள் ஸ்டேட்மென்டில் வந்து உட்காரும். இது பற்று. வரவுப் பக்கத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறோம். ஏனென்றால் வரவு ரூபாயில் வருவதில்லை, பாயின்டில் வருகிறது.

ஒரு பாயின்ட் எவ்வளவு பெறும்? இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான். நீங்கள் உண்மையில் போகப்போகிற ஒரு ஊருக்கு, போகப்போகிற தேதியில் டிக்கெட் விலையைப் பாருங்கள். அதே டிக்கெட்டைப் பாயின்டில் எடுத்தால் எத்தனை பாயின்ட் கேட்கிறான், அதற்கு மேல் எவ்வளவு பணம் கேட்கிறான் என்று பாருங்கள். ஆமாம், பணமும் கேட்பான். "இலவச" டிக்கெட்டுக்கும் வரியும் விமான நிலையக் கட்டணங்களும் நம் பாக்கெட்டிலிருந்துதான். எடுத்துக்காட்டாக, டிக்கெட் 6,200 ரூபாய். பாயின்டில் எடுத்தால் 8,000 பாயின்ட், கூடவே 1,400 ரூபாய் என்று வையுங்கள். மிச்சமாவது 4,800 ரூபாய். அதை 8,000ஆல் வகுத்தால் ஒரு பாயின்ட் 60 பைசா. கார்டு விற்பவர் ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் என்பார். அது பிசினஸ் கிளாஸ் கட்டணத்தை வைத்துப் போட்ட கணக்கு. நாம் என்றைக்காவது நம் காசு கொடுத்து பிசினஸ் கிளாஸில் ஏறுவோமா? ஏற மாட்டோம் என்றால் அந்த விலை நமக்குப் பொருந்தாது.

இப்போது நம் அடுக்ககத்தில் ஒரு சராசரி வீட்டை எடுத்துக்கொள்வோம். ஓய்வு பெற்ற கணவன் மனைவி. மாதச் செலவு நாற்பதாயிரம். "எல்லாவற்றையும் கார்டில் தேய்த்தால் பாயின்ட் குவியும்" என்று அந்தப் பையன் சொன்னான். விதிமுறைத் தாளில் பொடி எழுத்தைப் படித்தால் பெட்ரோல், வாடகை, வாலெட்டில் பணம் ஏற்றுவது, அரசுக்குக் கட்டுவது எல்லாம் பெரும்பாலான கார்டுகளில் பாயின்ட் கணக்கில் வராது. இன்ஷூரன்ஸ் பிரீமியம், மின்கட்டணம் ஆகியவை பல கார்டுகளில் வராது, அல்லது உச்சவரம்புக்குள் அடங்கும். நம் பராமரிப்புக் கட்டணத்தைச் செயலி வழியாகக் கார்டில் கட்டினால் அதற்குத் தனியாகச் சேவைக் கட்டணம் வேறு. (பொருளாளர் சிரிக்கிறார். அவருக்கு ஜி.பே.யில் வந்தால் போதும்.) ஆக, நம் வயதில் வீட்டின் பெரிய செலவுகள் எவையோ, அவற்றில் பாதி இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. மருந்து, மளிகை, துணி, ஓட்டல் என்று மாதம் 25,000 தேறினால் பெரிது. வருடத்துக்கு 3 லட்சம்.

நூறு ரூபாய்க்கு 2 பாயின்ட் என்றால் 6,000 பாயின்ட். 60 பைசா வீதம் 3,600 ரூபாய். இங்கே நிறுத்திவிடக் கூடாது. பி.காம். முதல் வருடத்தில் சொல்லிக்கொடுத்த வாய்ப்புச் செலவு என்ற பாடம் இங்கேதான் வேலை செய்கிறது. ஆண்டுக் கட்டணமே இல்லாத, எல்லாவற்றுக்கும் ஒரு சதவீதம் பணமாகவே திருப்பித் தரும் கார்டுகள் சந்தையில் இருக்கின்றன. அதே 3 லட்சத்தை அதில் தேய்த்திருந்தால் 3,000 ரூபாய் சும்மா வந்திருக்கும். ஆகவே விமானக் கார்டு கூடுதலாகத் தந்தது 600 ரூபாய் மட்டும்.

லவுஞ்ச்? வருடத்தில் நாலு முறை போகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு முறைக்கு 1,200 ரூபாய் மதிப்பு என்று விளம்பரத்தில் இருக்கும். நாம் லவுஞ்ச் இல்லாவிட்டால் என்ன செய்வோம்? வீட்டிலிருந்து இட்லி கட்டிக்கொண்டு போவோம், அல்லது 400 ரூபாய்க்கு ஒரு தோசையும் காபியும். ஆகவே 400தான் வரவு. நாலு முறைக்கு 1,600. அதிலும் ஒன்று கவனியுங்கள். பல கார்டுகளில் லவுஞ்ச் சலுகை முதன்மை அட்டைதாரருக்கு மட்டும். அவர் உள்ளே உட்கார்ந்து உப்புமா சாப்பிட, அம்மா வெளியே பையைப் பார்த்துக்கொண்டிருப்பார். முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான் உள்ளே விடுவோம் என்ற நிபந்தனையும் இப்போது பல வங்கிகளில் வந்துவிட்டது. சில ரூபே டெபிட் கார்டுகளிலேயே லவுஞ்ச் வசதி உண்டு. உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் கார்டை முதலில் விசாரியுங்கள்.

புதுப்பிக்கும்போது 2,500 பாயின்ட் பரிசு தருகிறார்கள் என்று வைத்தால் இன்னொரு 1,500 ரூபாய். கூட்டுங்கள்: 600, 1,600, 1,500. மொத்தம் 3,700. கட்டியது 5,900. கைநஷ்டம் 2,200 ரூபாய்.

"சார், சேரும்போதே இருபதாயிரம் பாயின்ட் தருகிறார்களே" என்று கேட்பீர்கள். நல்ல வரவேற்புப் பரிசு இருந்தால் முதல் வருடம் லாபம்தான், மறுக்கவில்லை. கணக்கை இரண்டாம் வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வருடம் கல்யாண விருந்து, இரண்டாம் வருடத்திலிருந்துதான் குடித்தனம்.

இதே கார்டு இன்னொருவர் கையில் எப்படி மாறுகிறது என்றும் பார்ப்போம். சொந்தமாகத் தொழில் செய்பவர், மாதம் இரண்டு தடவை டெல்லி போய் வருகிறார், டிக்கெட் அவர் காசு. ஒரு தடவைக்குப் போக வர 12,000 என்றால் வருடத்துக்கு 2,88,000. விமான டிக்கெட்டுக்கு நூறுக்கு 5 பாயின்ட் கிடைத்தால் 14,400 பாயின்ட், அதாவது 8,640 ரூபாய். ஒரு சதவீதக் கார்டு தந்திருக்கக்கூடிய 2,880ஐக் கழித்தால் 5,760. கட்டணத்தில் பெரும்பகுதி இங்கேயே வந்துவிட்டது. லவுஞ்சை வருடத்துக்குப் பன்னிரண்டு முறை பயன்படுத்தினால் 4,800. மற்றவை மேலே வரும். அவர் தாராளமாக வாங்கலாம். கம்பெனி டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறது என்றால் கதையே வேறு. பறப்பதற்கான பாயின்ட் வரும், தேய்ப்பதற்கான பாயின்ட் வராது.

நம்மில் பலருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில், சிங்கப்பூரில். பெரிய டிக்கெட் என்பதே வருடத்துக்கு ஒரு தடவை அங்கே போவதுதான். அந்த டிக்கெட்டை யார் எடுக்கிறார்கள்? மகன் அங்கிருந்து அவன் கார்டில் எடுத்து மெயிலில் அனுப்புகிறான். செலவு அவன் கார்டில், ஆண்டுக் கட்டணம் அப்பா கார்டில்! அங்கே போய் இங்குள்ள கார்டைத் தேய்த்தால் சாதாரணமாக 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன்மேல் ஜி.எஸ்.டி. ஒரு லட்ச ரூபாய்க்கு 4,130 ரூபாய். அது கிடைத்த பாயின்டை விழுங்கிவிட்டு ஏப்பம் விடும்.

இதுவரை சொன்னது கணக்கு. இனி சொல்லப்போவதை நான் கணக்கைவிட முக்கியமாக நினைக்கிறேன். பாயின்டின் மதிப்பு நம் கையில் இல்லை.

விஸ்தாரா என்று ஒரு விமான நிறுவனம் இருந்தது. அதன் பெயரில் ஆக்ஸிஸ் வங்கி கார்டு கொடுத்தது. 1,500, 3,000, 10,000 ரூபாய் ஆண்டுக் கட்டணத்தில் மூன்று வகை. பத்தாயிரம் ரூபாய் கார்டைப் புதுப்பித்தால் ஒரு பிசினஸ் கிளாஸ் டிக்கெட் வவுச்சர், குறிப்பிட்ட அளவு செலவழித்தால் மேலும் வவுச்சர்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நல்ல பேரம் அது. பறக்கிறவர்களுக்குக் கட்டணத்துக்கு மேலேயே கிடைத்தது. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தது. விஸ்தாரா பாயின்ட்கள் ஏர் இந்தியா கணக்குக்கு மாறின, யாருடையதும் தொலையவில்லை. ஆனால் அந்த வவுச்சர்களும் செலவு இலக்குப் பரிசுகளும் அதற்குப் பிறகு போயின. நம் தரப்பில் எந்தத் தவறும் இல்லை, தவணை தவறவில்லை. எங்கோ இரண்டு கம்பெனிகள் கையெழுத்துப் போட்டன, நம் அலமாரியில் இருந்த கார்டின் குணம் மாறிவிட்டது.

இது முதல் தடவையும் இல்லை. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரல் 17 இரவு ஜெட் ஏர்வேஸ் கடைசியாகப் பறந்தது. ஜெட்டின் மைல் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் தப்பித்து, இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்தது. மைல் இருந்தது, அதில் ஏறிப் பறக்க ஜெட் இல்லை. பன்னிரண்டு வருடத்தில் மூன்று பெரிய பெயர்கள். வங்கியில் நீங்கள் போடும் டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பாயின்டுக்குப் பத்துப் பைசா காப்பீடு கிடையாது. அதைச் சேமிப்பு என்று நினைத்துச் சேர்த்து வைக்காதீர்கள். வந்ததைச் சீக்கிரம் செலவழியுங்கள்.

இவ்வளவு வாரிக் கொடுத்தால் அவர்களுக்கு என்ன லாபம் என்று போன வாரம் லிஃப்டில் ஒருவர் கேட்டார். விமான நிறுவனம் அந்தப் பாயின்டை வங்கிக்கு விற்கிறது. வங்கி ரொக்கம் கொடுத்து வாங்கி நமக்குத் தருகிறது. நாம் என்றைக்கோ ஒரு நாள் காலி சீட்டில் உட்காரும் வரை விமான நிறுவனத்தின் கையில் பணம் இருக்கிறது. அமெரிக்காவில் 2020இல் கொரோனா சமயத்தில் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தையே அடமானம் வைத்துக் கடன் வாங்கியது. அந்தத் திட்டத்துக்கு அவர்கள் சொன்ன மதிப்பு சுமார் 2,190 கோடி டாலர். அன்றைக்கு அந்த மொத்தக் கம்பெனியின் பங்குச் சந்தை மதிப்பே அதைவிடக் குறைவு. வங்கிக்கு வருமானம் எங்கிருந்து? கடைக்காரர் தரும் கமிஷன், நம் ஆண்டுக் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேல் வட்டி.

அந்த வட்டியைப் பற்றி ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம். 50,000 ரூபாயை ஒரு மாதம் நிலுவை வைத்தால் குறைந்தது 1,750 வட்டி, அதற்கு 315 ஜி.எஸ்.டி. அந்த 50,000க்குக் கிடைத்த பாயின்டின் மதிப்பு 600 ரூபாய். "குறைந்தபட்சத் தொகை" என்ற கட்டத்தில் இருப்பதைக் கட்டினாலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. முழுத் தொகையையும் தானாகக் கட்டும்படி ஆட்டோ டெபிட் போட முடியாதவர் எந்தக் கார்டையும் தொட வேண்டாம், விமானக் கார்டோ வேறு எதுவோ.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பதற வேண்டாம். முதல் வருடப் பரிசை முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் எந்த மாதம் விழும் என்று காலண்டரில் குறித்து, ஒரு மாதம் முன்பே மேலே சொன்ன கணக்கை உங்கள் செலவுக்குப் போட்டுப் பாருங்கள். கட்டுப்படியாகாவிட்டால் வங்கியைக் கூப்பிட்டு, கட்டணத் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. இல்லை என்றால் மூடச் சொல்லுங்கள். பாக்கி எதுவும் இல்லாவிட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2022இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. போனில் சொன்னதோடு விடாமல் மெயிலும் அனுப்பிவிடுங்கள், தேதிக்கு அத்தாட்சி வேண்டும். மூடச் சொல்வதற்கு முன்பு, கார்டில் சேர்ந்திருக்கும் பாயின்டை விமான நிறுவனத்தின் உறுப்பினர் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அது வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகு மெயில் அனுப்பினால் போதும்.