செடெனாக் வீட்டு வாசலில் எத்தனை கம்பி?

(தொலைக்காட்சிக் கருத்து மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஜொகூர் பாருவை நோக்கிப் போகிறவர்கள், கூலாய் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் செடெனாக் என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். சுற்றிலும் செம்பனை, இடையில் ஆலை, சில கம்போங், சில தாமான். நீண்ட காலமாகச் செடெனாக் என்றால் அவ்வளவுதான். இன்று அந்தப் பெயரைச் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற முதலீட்டாளர்கள்கூட உச்சரிக்கிறார்கள். காரணம், ஜொகூர் கார்ப்பரேஷனின் துணை நிறுவனமான ஜேலேண்ட் அங்கே அமைத்திருக்கும் செடெனாக் டெக் பார்க். உலகத்தின் தகவல்களைச் சேமித்து வைக்கிற பெரிய பெரிய தரவு மையங்கள் அங்கே எழுந்து நிற்கின்றன. பிரின்ஸ்டன் டிஜிட்டல் குரூப் 150 மெகாவாட் அளவுக்குத் திட்டமிட்ட தன் வளாகத்தை 2024ஆம் ஆண்டில் அங்குதான் திறந்தது. யோண்டர் நிறுவனமும் அங்கே இருக்கிறது.

இவ்வளவு பெரிய மையங்களுக்குள் கண்ணாடி இழை வடங்கள் கட்டுக் கட்டாகப் போகின்றன. அப்படியானால் பக்கத்துத் தாமானில் இருப்பவருக்கு இணையம் பறக்க வேண்டாமா? இப்படிக் கேட்பவர்கள் நிறைய பேர். பதில், அப்படியொன்றும் இல்லை என்பதுதான். தரவு மையத்திற்குப் போகும் வடம் நெடுஞ்சாலை மாதிரி. சிங்கப்பூர் எல்லையைத் தாண்டி, கடலுக்கு அடியில் போகும் வடங்களோடு கைகோர்த்துக் கொள்வதே அதன் வேலை. வீட்டுக்கு வருகிற கம்பி ஒற்றையடிப் பாதை. நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடினாலும், இறங்கி வர ஒரு வழி போடாவிட்டால் கம்போங்காரர் அதன் இரைச்சலைக் கேட்கலாம், ஏறிப் போக முடியாது.

மலிவான வீட்டு இணையத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் விலையில்தான் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் இந்த ஒற்றையடிப் பாதை. வாசலுக்கு எத்தனை கம்பி வருகிறது? ஒன்றுதான் என்றால், அதில் எத்தனை பேர் வியாபாரம் செய்யலாம்?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1990களில் ஜாரிங், அதற்குப் பிறகு 1996இல் டிஎம்நெட். தொலைபேசிக் கம்பியில் மோடத்தை மாட்டி, 1515 என்று சுழற்றி, அது கீச்சுக் கீச்சென்று கத்தி முடிக்கும் வரை காத்திருந்த காலம். இணையத்தில் இருந்தால் வீட்டுக்குத் தொலைபேசி வராது. அம்மாக்கள் திட்டுவார்கள். 2001இல் ஸ்ட்ரீமிக்ஸ் வந்தபோதுதான் அகண்ட அலைவரிசை என்ற சொல்லே பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கியது. அதுவும் அதே செம்புக் கம்பிதான். செம்புக் கம்பிக்கு ஒரு குணம் உண்டு. தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும். நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோட்டத்து வீட்டில் அது மூச்சு வாங்கும். போதாக்குறைக்குக் கம்பியைத் திருடி விற்கிற கூட்டம் வேறு.

2008 செப்டம்பரில் அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் ஓர் ஒப்பந்தம் போட்டன. மொத்தம் 1,130 கோடி வெள்ளித் திட்டம். அதில் 240 கோடி அரசாங்கத்தின் பணம், அதாவது மக்களின் வரிப்பணம். அதன் பலனாக 2010 மார்ச்சில் யூனிஃபை வந்தது. முதலில் யாருக்கு? பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலாம். 5 மெகாபிட் வேகத்திற்கு மாதம் 149 வெள்ளி. தோட்டத்துப் பக்கம் யாரும் அந்தப் பட்டியலைப் படித்துச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

அதே காலத்தில் போட்டியும் வந்தது. 2007இல் வைமேக்ஸ் உரிமம் நான்கு நிறுவனங்களுக்குக் கிடைத்தது. கம்பியே வேண்டாம், காற்றிலேயே வரும் என்றார்கள். பி1 நிறுவனம் 2008இல் சேவையைத் தொடங்கியது. 'பொத்தோங்' என்று அது செய்த விளம்பரம் பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். கம்பியை வெட்டிப் போடு என்று அர்த்தம். கடைசியில் நடந்தது வேறு. 2014இல் டெலிகோம் மலேசியாவே பி1 நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. பிறகு அது வெபே ஆனது, அதற்குப் பிறகு யூனிஃபை மொபைல் ஆனது. வெட்டச் சொன்னவர் கம்பிக்காரர் வீட்டுக்கே மருமகனாகப் போய்ச் சேர்ந்தார்! போட்டி என்று பேனர் கட்டிய எல்லாமே வாடிக்கையாளருக்குப் பத்து ஆண்டுக்கு நிற்கும் என்று நம்பிவிட முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அப்படியானால் விலை எப்படிக் குறைந்தது? இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. புதிய கம்பிகள் பெரிதாக முளைத்து விலை குறையவில்லை. இருந்த கம்பியின் கதவைத் திறந்துவிட்டதால் குறைந்தது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2015இல் அதிவேக அகண்ட அலைவரிசையை, மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிட வேண்டிய சேவைகளின் பட்டியலில் சேர்த்தது. வெறுமனே திறந்துவிடு என்றால் போதுமா? மொத்த விலையைக் கூரைக்கு ஏற்றி வைத்தால் யார் வாங்க முடியும்? அதனால் அந்த மொத்த விலைக்கே உச்சவரம்பு போட்டார்கள். அந்தக் கட்டாய விலை விதி 2018 ஜூன் 8ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அப்போது தொடர்பு, பல்லூடக அமைச்சர் கோபிந்த் சிங் டியோ. இணையக் கட்டணம் குறைந்தது 25 விழுக்காடாவது இறங்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

அதே ஆண்டு செப்டம்பரில் மேக்சிஸ் 30 மெகாபிட் வேகத்தை 89 வெள்ளிக்கு அறிவித்தது. டெலிகோம் மலேசியா 79 வெள்ளியில் ஒரு அடிப்படைத் திட்டத்தைக் கொண்டு வந்தது, அளவுக் கட்டுப்பாட்டோடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2010இல் ஒரு மெகாபிட்டுக்கு ஏறக்குறைய 30 வெள்ளி. 2018இல் ஏறக்குறைய 3 வெள்ளி. 2023 மார்ச்சில் மொத்த விலை மறுபடியும் குறைக்கப்பட்டது. அதற்குப் பிறகு 100 மெகாபிட் வேகமே நூறு வெள்ளியை ஒட்டிக் கிடைக்கத் தொடங்கியது. எட்டு ஆண்டில் பத்தில் ஒரு பங்கு, அடுத்த ஐந்தாறு ஆண்டில் அதிலும் மூன்றில் ஒரு பங்கு. வீட்டுச் சாமானில் வேறு எது இப்படி இறங்கியது? அரிசியா, சமையல் எண்ணெயா?

ஆனால் 2018இல் ஒரு கொடுமையும் நடந்தது. கண்ணாடி இழை எட்டிய வீடுகளுக்குத்தான் இந்தச் சலுகை. எட்டாத வீடுகளில் பழைய ஸ்ட்ரீமிக்சை வைத்திருந்தவர்கள், மிகக் குறைந்த வேகத்திற்கு நகரத்துக்காரர்களைவிட அதிகக் கட்டணம் கட்டிக் கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி நாடு முழுவதும் முணுமுணுப்பு எழுந்தது. பின்தங்கிய இடத்தில் இருப்பவரே கூடுதல் விலை கொடுப்பது இந்த ஒரு துறையில் மட்டும் நடக்கிற காரியம் அல்ல. தோட்டத்துக் கடையில் சாமான் வாங்கியவர்களுக்கு அது தெரியும்.

இன்றைக்கும் அதே கணக்கு வேறு வேடத்தில் நடக்கிறது. ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். தகப்பனார் ஆலையில் வேலை. தாயார் தொழிற்சாலை பஸ்சில் போய் வருகிறார். மகள் ஐந்தாம் படிவம். வீட்டில் கம்பி இல்லை. மூன்று கைத்தொலைபேசிக்கு ஆளுக்கு மாதம் 35 வெள்ளி என்று வைத்துக் கொண்டாலும் 105 வெள்ளி ஆகிறது. அது கண்ணாடி இழைக் கட்டணத்திற்குச் சமம். கிடைப்பது என்ன? மாதக் கடைசியில் தீர்ந்து போகிற டேட்டா. மகள் கூகல் கிளாஸ்ரூமில் வீட்டுப் பாடத்தை ஏற்ற வேண்டுமானால் அப்பாவின் ஹாட்ஸ்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டும். அப்பா இரவு வேலை என்றால் பாடமும் அவரோடு ஆலைக்குப் போய்விடும். ஏழைக்கு இணையம் இல்லை என்று சொல்வது முழு உண்மை அல்ல. ஏழைக்கு அதே காசுக்குக் குறைவான இணையம் கிடைக்கிறது என்பதே சரி.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இது வெட்ட வெளிச்சமானது. சபா, பீத்தாசில் ஒரு மாணவி தேர்வு எழுதுவதற்காக மரத்தின் மேல் ஏறி இரவு தங்கிய செய்தி நாட்டையே உலுக்கியது. அந்த ஆண்டுதான் ஜெண்டெலா திட்டம் அறிவிக்கப்பட்டது. 2022 இறுதிக்குள் 75 இலட்சம் வீடுகள், கடைகளின் வாசல் வரை கண்ணாடி இழை என்பது அதன் இலக்குகளில் ஒன்று. கவனியுங்கள், வாசல் வரை. அதிகாரப்பூர்வக் கணக்கில் வீட்டைக் 'கடந்து போன' வடம் என்றுதான் சொல்வார்கள். கடந்து போவது வேறு, உள்ளே வருவது வேறு.

ஒரு பாசார் மாலாமுக்குப் போனால் இது புரியும். கூடாரம் போட்டு, பலூன் கட்டி, விற்பனைப் பையன் நிற்பான்.

"அக்கா, நூறு வெள்ளிக்குள்ள தர்றோம், வைஃபை பெட்டி இலவசம்!"

"வீட்டு முகவரியைப் போட்டுப் பாரு தம்பி."

அவன் கைத்தொலைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவான். "அக்கா... உங்க ரோட்டுல போர்ட் இல்லக்கா."

இந்தப் போர்ட் என்ன சமாசாரம்? தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் ஒரு கண்ணாடி இழை, தாமான் அருகில் ஒரு பெட்டிக்குள் பல கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு துளை. அந்தத் துளைதான் போர்ட். பெட்டியில் இருக்கும் துளைகள் நிரம்பிவிட்டால், அடுத்த வீட்டுக்காரர் எவ்வளவு காசு வைத்திருந்தாலும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஒரே பெட்டியை நம்பி நான்கு நிறுவனங்கள் வியாபாரம் செய்தால், ஒரு நிறுவனம் போர்ட் இல்லை என்று சொன்ன பிறகு மற்ற மூன்றும் பெரும்பாலும் அதையேதான் சொல்லும். நான்கு கடை, ஒரே கிடங்கு. டைம் போன்ற சொந்த வடம் வைத்திருக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் அடுக்குமாடிகளைத் தேடிப் போனதற்குக் காரணமும் எளிது. ஒரு கட்டடத்திற்குள் நுழைந்தால் முந்நூறு வீடு. தோட்டத்தில் முந்நூறு வீட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் வடம் இழுப்பது?

தமிழ்நாட்டில் வேறு மாதிரி நடந்தது. தெருவுக்குத் தெரு கேபிள் டிவிக்காரர் ஏற்கனவே மாடியிலிருந்து மாடிக்குக் கம்பி இழுத்து வைத்திருந்தார். அதே ஆள் இணையமும் கொடுத்தார். 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் 699 ரூபாய்க்கு வந்தபோது சண்டை சூடு பிடித்தது. இங்கே அப்படித் தெருவில் இறங்கி நிற்கிற கேபிள்காரர் இல்லை. இருப்பது மின்கம்பம். அதைப் பயன்படுத்தலாமே என்று தெனாகா நேஷனல் 2018இல் மலாக்கா, ஜாசினில் ஒரு முன்னோடித் திட்டத்தைச் செய்து பார்த்தது. மின்சாரம் போகாத தோட்ட வீடு இன்று அரிது என்பதால், கம்பத்தில் தொங்கும் வடம் சின்ன ஊர்களுக்கு நல்ல வழிதான். விற்பனைப் போட்டியைவிட இந்தக் கம்பப் போட்டி கூடுதலாக வந்திருந்தால் செடெனாக் மாதிரி இடங்களுக்கு இன்னும் நல்லது நடந்திருக்கும்.

தோட்ட வீடுகளுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. நிலம் நிறுவனத்திற்குச் சொந்தம். கம்பம் நடவும், குழி தோண்டவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். குடியிருப்பவர் தனியாக விண்ணப்பித்தால் இந்தக் கடிதம் இல்லாமலே கோப்பு தூங்கும். ஒரு வீடு கேட்பதற்கும், நாற்பது வீடுகள் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு, நிர்வாகத்தின் அனுமதிக் கடிதத்தையும் இணைத்துக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நிறுவனம் பார்ப்பது ஒரு கிலோமீட்டர் வடத்திற்கு எத்தனை வாடிக்கையாளர் என்பதைத்தான். அந்தக் கணக்கை ஊரே போட்டுக் கொடுத்துவிட்டால் மறுப்பதற்குக் காரணம் குறையும். கோயில் கமிட்டி, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மணிமன்றம் எல்லாம் எதற்கு இருக்கின்றன? திருவிழாவுக்கு வசூல் செய்கிற அதே நோட்டில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். பதில் வராவிட்டால் ஆணையத்திடம் புகார் செய்ய வழி இருக்கிறது. அது இலவசம்.

கம்பி வரும் வரை 4ஜி, 5ஜி வைஃபை பெட்டி உதவும். ஆனால் கோபுரம் எல்லாருக்கும் பொது. காலையில் பறக்கிற வேகம், இரவு எட்டு மணிக்கு ஊரே வீடியோ பார்க்கும்போது படுத்துவிடும். வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் வாங்கி, இரவு நேரத்தில் சோதித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். பக்கத்தில் நாடி இணைய மையம் இருந்தால் பிள்ளைகளை அங்கேயும் அனுப்பலாம்.

கம்பி கிடைத்தவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது வேகம். 30 மெகாபிட் என்றால் வினாடிக்கு 30 மெகாபைட் அல்ல, எட்டால் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 3.75 மெகாபைட். ஒரு கிகாபைட் கோப்பு இறங்க நாலரை நிமிடம் ஆகும். சாதாரணக் குடும்பத்திற்கு இது தாராளம். 500 மெகாபிட் வாங்கச் சொல்லி வற்புறுத்தினால், வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம். சமையலறையில் வைஃபை வரவில்லை என்பதற்காகப் பெரிய திட்டத்திற்கு மாறுகிறவர்கள் உண்டு. அங்கே குறை கம்பியில் இல்லை, நடுவில் இருக்கும் கற்சுவரில்.

இரண்டாவது ஒப்பந்தம். பெரும்பாலும் 24 மாதம். நடுவில் நிறுத்தினால் அபராதம். 24 மாதம் முடிந்த பிறகு நிறுவனம் தானாக வந்து விலையைக் குறைக்காது. புதிய வாடிக்கையாளருக்கு மலிவான திட்டம் விற்றுக் கொண்டிருக்கும்போது, பழையவர் பழைய விலையையே கட்டிக் கொண்டிருப்பார். கையெழுத்துப் போட்ட அன்றே அந்த முடிவுத் தேதியைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள். அந்த மாதம் வந்ததும் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்: "வேறு நிறுவனத்திற்கு மாறப் போகிறேன், என்ன விலை தருவீர்கள்?"