பொம்மைக் கடை காத்த படங்கள்



தொடக்ககாலக் கார்ட்டூன் படங்களின் மீட்பு குறித்த இக்கருத்தரங்கில் தலைமையுரை ஆற்ற அழைத்த அமைப்பாளர்களுக்கு நன்றி. பேச வந்திருப்போர் பலர். எனவே ஒரே கருத்தை, ஜப்பானியச் சான்றுகளோடு முன்வைத்து அமர்கிறேன்.

ஜப்பானில் திரையரங்க அனிமேஷன் 1917இல் தொடங்கியது. அக்காலப் படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். 1923ஆம் ஆண்டு நிலநடுக்கமும் பெருந்தீயும் டோக்கியோவைச் சுட்டெரித்தன. ஓடி முடிந்த படத்தைப் போற்றி வைக்கும் வழக்கமும் திரைத்தொழிலில் வேரூன்றவில்லை. ஆனால் ஓடித் தேய்ந்த பிரதிகளைத் துண்டு போட்டு, வீட்டில் கையால் சுற்றிப் பார்க்கும் சிறு புரொஜெக்டர்களுக்காக விற்கும் வணிகம் ஒன்று நடந்தது. தொழில் கைவிட்டதை விளையாட்டுப் பொருள் காப்பாற்றியது. நம் தேடலும் அந்த வழியில் செல்ல வேண்டும் என்பதே என் வாதம்.

கோஉச்சி ஜுன்இச்சியின் ‘நமாகுரா கத்தனா’ 1917இல் வெளியானது. மொக்கை வாளை வாங்கிய சாமுராய் ஒருவன், அதை வழியில் வருவோர்மேல் சோதிக்கப் போய் உதைபடும் நகைச்சுவை. தொலைந்ததாகக் கருதப்பட்ட இப்படம் ஒசாகாவின் பழம்பொருள் சந்தையில் கிடைத்து, 2008இல் உலகுக்குத் தெரிந்தது.

‘கட்சுதோ ஷாஷின்’ இன்னும் வியப்பானது. கியோட்டோவில் பழைய வீட்டுப் பொருள்களோடு கிடைத்து 2005இல் அறிவிக்கப்பட்ட துணுக்கு. மொத்தம் 50 பிரேம்கள், ஓடினால் 3 விநாடி. மாலுமிச் சட்டைச் சிறுவன் பலகையில் எழுதுகிறான், திரும்புகிறான், தொப்பியைக் கழற்றி வணங்குகிறான். கேமராவால் எடுத்ததல்ல; சிவப்பும் கருப்புமாகச் சுருளின் மேலேயே அச்சிட்டது. செய்தவர் பெயர் தெரியவில்லை.

அமெரிக்கப் படமும் இவ்வழியில் பிழைத்தது. மிக்கி மவுசுக்கு முன் வால்ட் டிஸ்னி உருவாக்கிய ஆஸ்வால்ட் முயலின் 1928ஆம் ஆண்டுப் படம் ‘நெக் அண்ட் நெக்’. அதன் சுமார் 2 நிமிடப் பகுதி, அனிமேஷன் வரலாற்றாசிரியர் யசுஷி வதனபே இளமையில் ஒசாகாவில் விலைக்கு வாங்கிய 16 மி.மீ. சுருளில் இருந்தது. 2018 வரை அதை யாரும் அடையாளம் காணவில்லை. சுருளுக்கு இட்டிருந்த பெயர் மிக்கியினுடையது.

பெயர்ச்சீட்டு ஏமாற்றும். கண்டெடுத்த மகிழ்ச்சியும் ஏமாற்றும். ‘நமாகுரா கத்தனா’வோடு கிடைத்த ‘உராஷிமா தாரோ’ முதலில் ஜப்பானிய அனிமேஷன் முன்னோடி கிதயாமா செய்த 1918ஆம் ஆண்டுப் படம் என்றே கொண்டாடப்பட்டது. பின்னாளைய ஆய்வு அதை மறுத்தது. கண்டுபிடிப்பு வேறு, அடையாளப்படுத்தல் வேறு.

ஆகவே அவையோருக்கு மூன்று வேண்டுகோள்கள். காப்பகப் பட்டியலோடு நில்லாமல், சேகரிப்பாளர்களையும் பழம்பொருள் வணிகர்களையும் ஆய்வுத் துணைவர்களாக ஏற்போம். சுருள் வந்த பெட்டி, சீட்டு, புரொஜெக்டர் எதையும் தனியே பிரிக்காமல் பதிவு செய்வோம். படத்தின் வரலாற்றில் பாதி அவற்றில்தான் இருக்கிறது. பிரேம் பிரேமாக ஒப்பிட்டுப் பார்க்காமல் எதற்கும் பெயர் சூட்ட வேண்டாம்.

பிற்பகல் அமர்வில் பேசும் இளம் ஆய்வாளர்கள் இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் வாதிடுவார்கள் என்று நம்பி, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.