காற்றில் ஏறும் நானோ பொடி

அடுப்பில் ஏற்றும் அலுமினியப் பாத்திரம் எரிவதில்லை. அதே அலுமினியம் பொடியாகிச் சிவகாசிப் பட்டாசுக்குள் போனால், கண் கூசும் வெள்ளை ஒளியோடு எரிகிறது. உலோகம் ஒன்றுதான், காற்று படும் பரப்புதான் கூடிவிட்டது. 1 சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் துண்டுகளாக்கினால் 600 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் இரண்டரை கிரவுண்டுக்கும் மேல்!

தூசி வெடிப்பது பழைய கதை. 1785-இல் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு ரொட்டிக்கடைக் கிடங்கில் மாவுத் தூசி வெடித்தது. 2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷானில், கார் சக்கரங்களை மெருகேற்றும் ஆலையில் அலுமினியத் தூசி வெடித்து 140 பேருக்கு மேல் மாண்டார்கள். அங்கே வெடித்தது சாதாரணத் தூசிதான். நானோ அளவுக்கு இறங்கினால், சில உலோகப் பொடிகள் பற்றிக்கொள்ள ஒரு மில்லிஜூலுக்கும் குறைவான ஆற்றல் போதும். ஏ.சி. அறையில் கதவுப் பிடியைத் தொட்டதும் விரலில் சுரீரென்று பாய்கிறதே, அந்தப் பொறியே தாராளம்.

அதற்காக, துகள் சிறுக்கச் சிறுக்க வெடிப்பின் வேகமும் எல்லையில்லாமல் ஏறும் என்று நினைத்துவிடாதீர்கள். நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அலுமினியத்துக்கு மேலே ஆக்சைடு தோலும் உண்டு. வெடிப்பின் உக்கிரம் ஓரளவோடு நின்றுவிடுகிறது. பற்றிக்கொள்ளும் சுலபம்தான் கவலைக்குரியது.

வெடிப்பு ஒரு பக்கம், மூச்சில் ஏறும் ஆபத்து இன்னொரு பக்கம். இப்போது எனக்கு மிகவும் பிடித்த அந்த இடத்துக்கு வருகிறேன். ஆய்வகங்களில் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது என் வேலை. ஓர் ஆய்வகத்தில் ஒரு மாணவி கார்பன் நானோ குழாய்ப் பொடியை நிறுத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. தராசில் எண் நிற்கவில்லையே என்பதுதான் அவர் கவலை. ஃபேனை நிறுத்தச் சொன்னேன். மாஸ்க் எங்கே என்று கேட்டதற்கு, "இவ்வளவு சின்னத் துகள் எப்படியும் உள்ளே போயிடுமே சார், போட்டு என்ன பிரயோஜனம்?" என்றார். எவ்வளவு நல்ல கேள்வி! நேயர்களே, உங்களுக்கும் அப்படித்தானே தோன்றுகிறது?

மாஸ்க் மாவு சலிக்கிற சல்லடை அல்ல. அதன் இழைகளுக்கு இடையே உள்ள வெளி, துகளைவிடப் பல மடங்கு பெரியது. பெரிய துகள் காற்றோடு வளைய முடியாமல் இழையில் மோதிச் சிக்கும். மிகச் சிறிய துகளைக் காற்றின் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துக்கொண்டே இருப்பதால் அது நேராகப் போகவே முடியாது. தள்ளாடித் தள்ளாடி ஏதாவது ஓர் இழையைத் தொடும், தொட்டதும் ஒட்டிக்கொள்ளும். பிடிபடாமல் தப்புவதில் கெட்டிக்காரன் இரண்டுக்கும் நடுவே இருக்கிற நடுத்தர அளவுத் துகள். 20 நானோமீட்டர் துகள் அதைவிடச் சுலபமாகப் பிடிபடும். ஆகவே நல்ல என்-95 மாஸ்க் உண்மையிலேயே காக்கும். கன்னத்தோரம் இடைவெளி விட்டால் மட்டும் காக்காது.

இதே தள்ளாட்டம் நுரையீரலுக்குள்ளும் நடக்கிறது. 20 நானோமீட்டர் அளவுத் துகள்களை மூச்சோடு இழுத்தால், ஏறக்குறைய பாதி, கடைக்கோடிக் காற்று நுண்ணறைகளில் படிந்துவிடுகிறது. இதை அந்த மாணவியிடம் சொன்னதும், எழுந்து போய் மாஸ்க் எடுத்து வந்தார்.

2008-இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வில், நீளமான கார்பன் நானோ குழாய்கள் கல்நாரைப் போன்ற விளைவைக் காட்டின. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2013-இல் இவற்றுக்குப் பரிந்துரைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். தூசி வெடிக்க அதே அளவு காற்றில் பல பத்து கிராம் மிதக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே கோடிக்கணக்கான மடங்கு. சிறிய ஆய்வகம் வெடித்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. அங்கே காக்க வேண்டியது நுரையீரலை. மூட்டை மூட்டையாக உலோகப் பொடி கொட்டும் ஆலையில் இரண்டையும் காக்க வேண்டும்.

நேரம் நெருங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். பொடியைக் காற்றில் ஏறவிடாதீர்கள். முடிந்தால் திரவத்தில் கலந்த நிலையிலேயே வாங்குங்கள். உறிஞ்சு கூண்டுக்குள் (ஃப்யூம் ஹூட்) வைத்துத் திறவுங்கள். விளக்குமாறும் காற்றுக் குழலும் வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். ஆனால் அலுமினியம் போன்ற உலோகப் பொடிக்கு இது பொருந்தாது. தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும், அதற்குத் தனி முறை உண்டு. ஆலைகளில் கருவிகளுக்கு எர்த் இணைப்பு கட்டாயம்.

உங்கள் மகனோ மகளோ நானோ ஆய்வகத்தில் படிக்கிறார்களா? இன்றிரவு போனில் பேசும்போது, "பொடியை எங்கே வச்சு நிறுக்கிறே? மேலே ஃபேன் ஓடுதா?" என்று கேளுங்கள்.