ஒரே பாட்டு, பல பொருள்

நான் பௌதிகம் படித்தவன். ஒரு சோதனையைப் பத்துத் தடவை செய்தாலும் ஒரே விடை வரவேண்டும் என்பது எங்கள் பாடம். பாட்டு விஷயத்தில் அது செல்லாது. பாட்டு அப்படியே இருக்கிறது, கேட்கிறவன் மாறிவிடுகிறான்.

எம்.எஸ். அம்மா பாடிய 'குறை ஒன்றும் இல்லை'யையே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்றியவர் ராஜாஜி. மெட்டமைத்தவர் கடையநல்லூர் வெங்கடராமன். சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி என்று ராகமாலிகை. உத்தியோக காலத்தில் ராகம் மாறும் இடங்களை மட்டும் ரசித்து வந்தேன்.

என் சகதர்மிணி காலமான பின் அந்தத் தலைப்பே நெஞ்சை உறுத்திற்று. குறை இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆயினும் தினமும் சாயங்காலம் கேட்டேன். சாஹித்யத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேட்டேன். அப்போதுதான் ஒன்று புலப்பட்டது. தெய்வம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து நிற்பதை அந்தப் பாட்டு ஒளிக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் குறையில்லை என்கிறது. ராஜாஜி இளவயதிலேயே மனைவியை இழந்தவர். எல்லாம் கிடைத்தவரின் வாக்கு அல்ல அது. இழப்பை அறிந்தவரின் வாக்கு.

இன்றும் சில நாட்களில் அதை முழு மனதோடு என்னால் சொல்ல முடிவதில்லை. எம்.எஸ். அம்மா எனக்காகச் சொல்கிறார், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவே ஆறுதலாக இருக்கிறது.

பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்க, தனியே வசிக்கும் அங்கத்தினர்கள் நம்மில் பலர். தங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டின் சாஹித்யத்தைக் கைப்பட எழுதி, பொருளோடு ஒரு மாதம் கேட்டுப் பாருங்கள்.