படத்தாளில் நம் தோட்டம்: நிலப்படங்கள்வழி வரலாறு கற்றல்



கடாரம் என்றவுடன் நம்மவர் உள்ளம் 1025ஆம் ஆண்டுக்குத் தாவிவிடுகிறது. இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பை நம் வகுப்பறைகள் மறப்பதில்லை, நன்று. ஆயின், இக்கரங்கானைச் சுற்றி நம் பாட்டன் பூட்டன் பால் வெட்டிய நிலத்தின் கதை எந்தப் பாடநூலில் விரிவாக உள்ளது? அவர்களுள் பலர் எழுத்தறியாதவர். நாட்குறிப்பு எழுதி வைத்தாரல்லர். ஏட்டுச் சான்று குறைந்த இடத்தில் நிலப்படம் பெருந்துணையாகும் என்பதே இன்று நாம் முன்வைக்கும் கருத்து.

இதற்கு அமெரிக்க நாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு. 1860ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைக் கொண்டு, 1861இல் தென்மாநிலங்களின் படமொன்று வெளியிடப்பட்டது. மாவட்டந்தோறும் மக்களுள் நூற்றுக்கு எத்தனை பேர் அடிமைகள் என்பதைக் கருமையின் அடர்த்தியால் அது காட்டிற்று. மிசிசிப்பி ஆற்றங்கரை கருத்துக் கிடக்கிறது. அங்கே ஒரு மாவட்டத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல். மலைப்பகுதிகளோ வெளுத்திருக்கின்றன. வளமான பருத்தி மண் எங்கோ, அங்கே அடிமைத்தனம் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதி விளக்க வேண்டியதில்லை. அதிபர் லிங்கன் இப்படத்தை அடிக்கடி நோக்கினார் என்பர். விடுதலைப் பிரகடனத்தை அவர் அமைச்சரவையில் படித்த காட்சியை வரைந்த ஓவியர் கார்பெண்டர், அறையின் மூலையில் இப்படத்தையும் தீட்டி வைத்தார்.

நம் முன்னோர் அடிமைகளாக விற்கப்பட்டவர் அல்லர். அவ்வேறுபாட்டை மழுப்புதல் கூடாது. ஆனால் ஒரு பயிரும் ஒரு மண்ணும் மக்களைக் கடல் கடத்திக் கொணர்ந்த முறையைப் படத்தில் தேடும் வழி இரண்டுக்கும் ஒன்றே. 1909இல் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டனின் பாதுகாப்புக்கு மாறியது. 1910இல் மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை ஆள் திரட்டியது. வடக்கு இருப்புப்பாதை 1915இல் அலோர்ஸ்டாரை எட்டியது. நாகப்பட்டினம், பினாங்கு, தென்கெடா மூன்றையும் ஒரே தாளில் கோடிட்டு இணைத்துப் பார்க்கும் மாணவன், இவ்வாண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். நில அளவைத் துறை வெளியிட்ட, ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் பழைய படத்தாள்களைக் காண்க. டப்ளின், விக்டோரியா, ஹென்ரியட்டா, பீடோங்கருகே ஹார்வர்ட் என்று தோட்டங்களின் பெயர்கள் நிற்கின்றன. எங்கோ உள்ள ஊரின் பெயர், யாரோ ஒரு சீமாட்டியின் பெயர்! மண்ணைத் திருத்திய தமிழரின் பெயர் ஒன்றேனும் இல்லை. ஆயினும், 'டப்ளின் தோட்டம் 7ஆம் பிரிவு' என்னும் நிருவாகக் கூறு இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயராக வாழ்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தாலும், தோட்டம் வீடமைப்புப் பகுதியானாலும், நம் பள்ளிப் பெயர்களே பழைய படத்தின் எச்சங்கள்.

இன்னொரு புள்ளியையும் குறித்துக்கொள்க. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் சேர்த்த சிறு தொகைகளால் அச்சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். உடைமையாளர் வாரியாக வண்ணந்தீட்டிய படமொன்றை மாணவர் வரைந்தால், அந்த ஒரு தோட்டத்துக்கு மட்டும் தனி வண்ணம் தேவைப்படும். அவ்வண்ணத்தின் காரணத்தைக் கேட்பதே ஒரு நல்ல வரலாற்றுப் பாடம்.

படம் சொல்லாதவை பல. பிரட்டுக் களம், லயங்கள், ஆயாக் கொட்டகை, கிராணி வீடு, மாரியம்மன் கோயில், சுடுகாடு ஆகியவற்றை முதியோரைக் கேட்டே குறிக்க வேண்டும். இது வெறும் பழம்பெருமை அன்று. கோயிலும் இடுகாடும் பெரும்பாலும் தோட்டக்காரரின் நிலத்தில், பட்டா இன்றி எழுந்தவை. நிலம் கைமாறும் நாளில், "இவை எப்பொழுதிலிருந்து இங்குள்ளன?" என்னும் கேள்வி எழும். அப்போது வாய்மொழி மட்டும் போதாமற்போகலாம். நாளிட்ட படம் துணைநிற்கும்.

ஆகவே ஆசிரியர்கள் பழைய படத்தாளின்மேல் ஒளிபுகும் தாளை விரித்து, மாணவரைப் பென்சிலால் வரையச் செய்க. மையினால் வேண்டா, இரு முதியவர் கோயிலை இரு கரையில் காட்டுவர், இரண்டையும் குறிக்க வேண்டிவரும். வடக்குத் திசை, அளவு, வரைந்த நாள், சொன்னவர் பெயர் ஆகிய நான்கும் தாளின் மூலையில் இருக்கட்டும். ஒரு படி பள்ளியில் இருக்கட்டும். மற்றொன்றைச் சொன்னவர் வீட்டிலேயே கொடுத்துவிடுக.