மேப்புல நாலு மணி நேரம், ரயில்ல மூணு நாள்

இன்னைக்கு எபிசோட்ல ரெண்டு ஊர். ஒண்ணு நம்ம கன்னியாகுமரி. இன்னொண்ணு அஸ்ஸாம்ல, பிரம்மபுத்திரா கரையில இருக்குற திப்ருகர்.

இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு ஆன்லைன்ல தேடினா, சுமார் 2,800 கிலோமீட்டர், விமானத்துல நாலு மணி நேரம்னு வரும். அந்தக் கணக்கு ரொம்ப சிம்பிள். பூமி மேல ரெண்டு ஊரையும் இணைக்குற மிகக் குறுகிய கோட்டை அளந்து, மணிக்கு 800 கிலோமீட்டர்னு வகுத்தா மூணரை மணி நேரம். ஏற, இறங்க அரை மணி. மொத்தம் நாலு.

ஆனா அந்தக் கோடு வங்காள விரிகுடா மேல போய், வங்கதேசத்தைத் தாண்டித்தான் அஸ்ஸாமுக்குள்ள நுழையுது. அப்படி ஒரு விமானம் கிடையாது. ஏன்னா கன்னியாகுமரியில ஏர்போர்ட்டே இல்லை! திருவனந்தபுரம் போகணும், அங்கிருந்து கொல்கத்தாவோ டெல்லியோ போய், விமானம் மாறணும். இணைப்பு சரியா அமையலைன்னா ராத்திரி ஏர்போர்ட் நாற்காலியிலதான் தூக்கம்.

நேரடியா போறது ரயில் மட்டும்தான். விவேக் எக்ஸ்பிரஸ். விவேகானந்தரோட 150-வது பிறந்த ஆண்டை ஒட்டி 2011-ல ஆரம்பிச்சது. இந்தியாவிலேயே மிக நீண்ட தூரம் ஓடுற ரயில் இதுதான். கேரளா, கோயம்புத்தூர், விஜயவாடா, புவனேஸ்வர்னு சுத்தி, சிலிகுரி பக்கத்துல இருக்குற அந்தக் குறுகலான நிலப்பகுதி வழியா வடகிழக்குக்குள்ள போகுது. ஏறக்குறைய 4,200 கிலோமீட்டர். அதாவது நேர்கோட்டை விட ஒன்றரை மடங்கு. நேரம்? மூணு நாளுக்கும் மேல.

போன வருஷம் இதே ரயில்ல கோயம்புத்தூர்ல இருந்து விஜயவாடா போனேன். எதிர் சீட்ல ஒரு அஸ்ஸாம் தம்பி. நாகர்கோவில்ல ஒரு பேக்கரியில வேலை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு ஊருக்குப் போயிட்டு இருந்தார். அவரோட அரைகுறைத் தமிழ், என்னோட அரைகுறை இந்தி. எத்தனை நாள் லீவுன்னு கேட்டேன். "பத்து நாள்"னு சொன்னார். சொல்லிட்டு அவரே விரல் விட்டு எண்ணினார்: போக மூணு, வர மூணு. அப்பா பக்கத்துல உட்கார மிச்சம் நாலு நாள். அதுலயும் திப்ருகர்ல இறங்கி அவர் கிராமத்துக்குப் போக பஸ் நேரம் தனி.

திடீர்னு கிளம்பறவங்களுக்கு விமான டிக்கெட் விலை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பேக்கரி சம்பளத்துல அதைப் போடுறது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதனால ஸ்கிரீன்ல தெரியுற அந்த நாலு மணி நேரம் அவருக்கானதே இல்லை.

உங்க ஆபீஸ்லயோ ஹாஸ்டல்லயோ தூரத்து ஊர்க்காரங்க நிறைய பேர் இருப்பாங்க. யாராவது அவசரமா லீவு கேட்டா, "ஃப்ளைட்ல நாலு மணி நேரம்தானே"ன்னு சொல்லிடாதீங்க. "உங்க வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?"னு கேளுங்க. லீவு கொடுக்குற இடத்துல நீங்க இருந்தா, பயண நாளைத் தனியா வெச்சுட்டு, வீட்ல இருக்குற நாளை மட்டும் லீவா எண்ணுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.