இரு நதிகள் கூடும் ஓர் ஊர்

நதிகள் கூடுமிடங்களை மக்கள் எக்காலத்தும் சிறப்பாகவே மதித்து வந்திருக்கின்றனர். நீர்வளமும் படகுப் போக்குவரத்தும் ஓரிடத்தில் சேர்ந்தால் அங்கே வாணிபம் செழிக்கும். வாணிபம் செழித்தால் ஊர் பெருகும் என்பது பொதுவான நம்பிக்கை. இந்த நம்பிக்கை எந்த அளவுக்கு மெய் என்பதை ஆராய்வதற்கு ஏற்றதோர் ஊர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுமேற்குப் பகுதியில் இருக்கிறது. அவ்வூரின் பெயர் கேரோ. எழுத்தில் அது எகிப்து நாட்டுத் தலைநகரின் பெயரேதான். ஆயினும் அவ்வூரார் அதனைக் கேரோ என்றே சொல்லுகின்றனர். அவ்வூரின் சரித்திரத்தையும், அதன் ஜனத்தொகை ஏறி இறங்கிய விதத்தையும் இன்று நாம் சிறிது பார்ப்போம்.

பிரயாகையில் கங்கையும் யமுனையும் கலக்குமிடத்தில் இரு நிறத் தண்ணீர் அருகருகே ஓடுவதைக் கண்டிருக்கும் நேயர்கள், கேரோவின் தென்முனையையும் எளிதில் மனக்கண்ணால் காணலாம். இல்லினாய்ஸ் மாநிலத்தின் தென்கோடி அது. கிழக்கே ஒஹாயோ நதி. மேற்கே மிசிசிப்பி நதி. ஒஹாயோவைக் கடந்தால் கென்டக்கி மாநிலம். மிசிசிப்பியைக் கடந்தால் மிசௌரி மாநிலம். பெயரளவில் மிசிசிப்பியே பெரிய நதியாயினும், இரண்டும் கூடுமிடத்தில் மிகுதியான தண்ணீரைக் கொண்டுவந்து சேர்ப்பது ஒஹாயோதான். நிலமோ மிகவும் தாழ்ந்தது. ஆகவே கேரோவைச் சுற்றிலும் உயர்ந்த வெள்ளத் தடுப்புக் கரைகளை எழுப்பியிருக்கின்றனர். அக்கரைகள் இல்லையேல் ஊரே இல்லை.

இந்த முனையில் மாநகரம் ஒன்றை அமைக்க வேண்டும் என்ற ஆசை 1818ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. இல்லினாய்ஸ் அப்பொழுது மாநிலமாகக்கூட ஆகவில்லை. ஜான் கோமிஜிஸ் என்ற வணிகரும் அவருடைய கூட்டாளிகளும் இங்கே ஒரு நகரத்தையும் அதனுடன் ஒரு வங்கியையும் நிறுவ அனுமதி பெற்றனர். பெரிய நதியின் கரையில், வெள்ளம் வந்து வண்டல் படியும் நிலம் நைல் நதித் தீரத்தை நினைவூட்டியது போலும். எகிப்தின் பெயரையே ஊருக்குச் சூட்டினர். கோமிஜிஸ் விரைவில் இறந்தார்; திட்டமும் அவருடன் மறைந்தது. பின்னர் 1837ஆம் ஆண்டில் டேரியஸ் ஹோல்புரூக் என்பவர் புதிய கம்பெனி ஒன்றைத் தொடங்கி, லண்டன் நகரில் கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டினார். கரைகள் எழும்பின, தொழிலாளர் வந்து குவிந்தனர். ஆனால் 1840ஆம் ஆண்டில் அப்பத்திரங்களை விற்ற லண்டன் நிறுவனம் திவாலாகவே, வேலை நின்றது. வந்தவர் பெரும்பாலும் திரும்பிச் சென்றனர்.

1842ஆம் ஆண்டில் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நீராவிக் கப்பலில் இவ்வழியே சென்றார். சேறும் காய்ச்சலும் பாழடைந்த குடிசைகளுமாகக் கிடந்த இவ்வூரைத் தம் பயண நூலில் அவர் கடுமையாகச் சாடினார். அவருடைய 'மார்ட்டின் சஸில்விட்' நாவலில் ஏழைகளை ஏமாற்றி நிலம் விற்கும் 'ஈடன்' என்ற ஊர் வருகிறது. அதற்கு மூலம் கேரோவே என்று பலரும் கருதுகின்றனர். 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவ்வூரின் ஜனத்தொகை 242. இரண்டு முறை பெரும் பணத்தைச் செலவிட்டும் கிடைத்த பயன் இவ்வளவே.

ஊரை உண்மையாக எழுப்பியது ரயில் பாதையாகும். இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில் கம்பெனி மாநிலத்தின் வடபகுதியையும் சிகாகோவையும் கேரோவுடன் இணைத்து, 1856ஆம் ஆண்டில் தன் பாதையை முடித்தது. அதன் நீளம் 705 மைல். அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட ரயில் பாதை அதுவே. வடக்கேயிருந்து ரயிலில் வந்த சரக்கு இங்கே கப்பலேறித் தெற்கே சென்றது. 1860ஆம் ஆண்டில் ஜனத்தொகை 2,188 ஆயிற்று.

அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கு மாநிலங்களின் படைக்கு, அடிமை முறை நிலவிய தெற்கினுள் ஆப்புப்போல் நீண்டிருந்த கேரோ மிகப் பயன்பட்டது. தளபதி கிரான்ட் 1861ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கே தம் தலைமையிடத்தை அமைத்தார். 1862 பிப்ரவரியில் ஹென்றி, டோனல்சன் என்னும் கோட்டைகளைக் கைப்பற்றிய படையெடுப்பு இங்கிருந்தே புறப்பட்டது. பிற்காலத்தில் அவர் ஜனாதிபதியானார் என்பதை நேயர்கள் அறிவர்.

அப்போர்க்காலத்தில் வேறொரு கூட்டமும் கேரோவை வந்தடைந்தது. தெற்கின் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாயிருந்து தப்பியவரும் விடுதலை பெற்றவருமான கறுப்பின மக்கள், ஆயிரக்கணக்கில், உடுத்த துணியோடு வந்து இறங்கினர். அவர்களுக்காக ராணுவம் இங்கே ஒரு முகாம் நடத்தியது. பலர் மேலும் வடக்கே சென்றனர். பலர் இங்கேயே தங்கிவிட்டனர். மார்க் ட்வெயின் எழுதிய 'ஹக்கில்பெரி ஃபின்' நாவலை வாசித்தவர்க்கு இவ்வூர் நினைவிருக்கும். தப்பியோடும் அடிமையாகிய ஜிம், கேரோவை அடைந்துவிட்டால் ஒஹாயோவின் வழியே சென்று விடுதலை பெற்றுவிடலாம் என்று தெப்பத்தில் காத்திருக்கிறான். மூடுபனியில் ஊரைத் தவறவிட்டு விடுகிறான். கதையில் வரும் ஜிம்முக்குக் கேரோ கிட்டாமற் போயிற்று. மெய்யாகவே இவ்வூரை வந்தடைந்தவர்களுக்கு என்ன கிட்டியது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

முதலில் செழிப்பே கிட்டியது எனலாம். 1870இல் 6,267, 1890இல் 10,324, 1910இல் 14,548, 1920இல் 15,203. இவ்வாறு ஜனத்தொகை ஏறிக்கொண்டே வந்தது. 1872ஆம் ஆண்டில் அழகிய சுங்க மாளிகை கட்டி முடிக்கப்பட்டது. 1884ஆம் ஆண்டில் பொது நூல்நிலையம் எழுந்தது. துறைமுகத்திலும் ரயில் நிலையத்திலும் மரம் அறுக்கும் ஆலைகளிலும் வேலை கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊராரில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். அவர்களுக்கு வாக்குரிமை இருந்தது. ஆயினும் பள்ளியும் குடியிருப்பும் வேறு வேறாகவே இருந்தன.

1909ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட வில்லியம் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஆயிரக்கணக்கானோர் திரண்டு, காவலரிடமிருந்து பறித்து, நடுத்தெருவில் கொன்றனர். விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. கைதியைக் காக்கத் தவறிய மாவட்ட ஷெரீப்பை, மாநிலச் சட்டப்படி ஆளுநர் பதவியினின்று நீக்கினார். ஷெரீப் மீண்டும் பதவி கோரியபொழுது, ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி கேரோவுக்கே நேரில் சென்று உண்மைகளைத் திரட்டி, ஆளுநர் முன் வாதாடினார். ஆளுநர் ஷெரீப்பின் கோரிக்கையை மறுத்துவிட்டார். ஒரு தனிப் பெண்மணியின் உழைப்பு ஓர் அரசின் தீர்மானத்தை நேர்வழியில் நிறுத்தியது என்பது நாம் போற்றத்தக்கதாகும்.

1920க்குப் பின் ஜனத்தொகை இறங்கத் தொடங்கிற்று. இதற்கு முதற் காரணம் போக்குவரத்தில் நேர்ந்த மாறுதல். முன்பு ரயில் பெட்டிகளைப் படகில் ஏற்றி நதியைக் கடத்தினர். அதனால் பலருக்கு வேலை இருந்தது. 1889ஆம் ஆண்டில் ஒஹாயோவின் மீது ரயில் பாலம் அமைந்தது. 1905ஆம் ஆண்டில் வடக்கே தீப்ஸ் என்ற இடத்தில் மிசிசிப்பியின் மீது மற்றொரு பாலம் அமைந்தது. 1929லும் 1938லும் மோட்டார் வண்டிகளுக்கான பாலங்கள் வந்தன. வண்டிகள் நில்லாமல் கடந்து சென்றன. நின்று செலவழிப்பவர் குறைந்தனர். 1978ஆம் ஆண்டில் நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று திறக்கப்பட்டபின் ஊருக்குள் வரவேண்டிய தேவையே பயணிகளுக்கு இல்லாமற் போயிற்று.

ஆயினும் போக்குவரத்தை மட்டும் குறை கூறிவிட முடியாது. அருகிலுள்ள பதூக்காவும் கேப் ஜிராடோவும் நதிக்கரை ஊர்களே. அவற்றையும் பாலங்கள் கடந்தன. அவற்றின் படகுத் தொழிலும் குன்றியது. எனினும் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதூக்காவில் 27,000க்கு மேற்பட்டோரும், கேப் ஜிராடோவில் 39,000க்கு மேற்பட்டோரும் வாழ்ந்தனர். ஓர் ஊருக்கு அணுசக்தி சார்ந்த ஆலை வாய்த்தது. மற்றோர் ஊருக்குப் பல்கலைக்கழகம் இருந்தது. கேரோவுக்கு அத்தகைய ஆதரவு கிட்டவில்லை. அதோடு, தன்னிடம் இருந்ததையும் அது பங்கிட்டுக்கொள்ள மறுத்தது.

1962ஆம் ஆண்டில் ஊரின் நீச்சல் குளத்திற்குள் கறுப்பினச் சிறுவர்களை விட மறுத்தனர். மாணவர்கள் குளத்தின் வெளியே மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்தனர். அவர்களில் ஒருவரான ஜான் லூயிஸ் பிற்காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸில் புகழ்பெற்ற உறுப்பினராக விளங்கினார். அடுத்த ஆண்டு குளத்தையே மூடிவிட்டனர். பின்னர் அது தூர்க்கப்பட்டது. எல்லாருக்கும் உரியதாக்குவதைவிட எவருக்கும் இல்லாமற் செய்வதே மேல் என்று கருதினர் போலும்!

1967 ஜூலையில் விடுப்பில் வந்திருந்த ராபர்ட் ஹன்ட் என்ற 19 வயதுக் கறுப்பினப் படைவீரர் காவல் நிலையச் சிறையில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார். தற்கொலை என்றனர் காவலர். கறுப்பின மக்கள் நம்பவில்லை. கலகம் மூண்டது, மாநிலக் காவற்படை வந்தது. வெள்ளையர் சிலர் ஆயுதம் தாங்கிய குழுவொன்றை அமைத்துக்கொண்டனர். 1969ஆம் ஆண்டில் கறுப்பின மக்கள் 'ஐக்கிய முன்னணி' என்ற அமைப்பின் கீழ், தங்களை வேலைக்கு அமர்த்தாத கடைகளைப் பகிஷ்கரித்தனர். ஆண்டுக்கணக்கில் அது நீடித்தது. கறுப்பினத்தவரை வேலைக்கு வைப்பதைவிடக் கடையை மூடுவதே மேல் என்று பல வணிகர் மூடிவிட்டனர். 1960இல் 9,348 ஆக இருந்த ஜனத்தொகை 1970இல் 6,277 ஆகக் குறைந்தது. 1986ஆம் ஆண்டில் மருத்துவமனையும் மூடப்பட்டது.

இத்துணை இழந்த ஊரையும் நதி விட்டபாடில்லை. 2011ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் வெள்ளம் 61 அடிக்கு மேல் ஏறி, 1937ஆம் ஆண்டு வெள்ளத்தையும் விஞ்சிற்று. கரை உடைந்தால் கேரோ மூழ்கும். 1928ஆம் ஆண்டுச் சட்டப்படி, எதிர்க்கரையில் மிசௌரி மாநிலத்தில் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளவென்று ஒரு பெரும் நிலப்பரப்பு ஒதுக்கப்பட்டிருந்தது. 1937இல் அதன் கரை உடைக்கப்பட்டதும் உண்டு. மிசௌரி அரசு நீதிமன்றம் சென்றது, வழக்கு நிற்கவில்லை. மே 2ஆம் நாள் இரவு ராணுவப் பொறியாளர் அக்கரையை வெடிவைத்துத் தகர்த்தனர். ஏறக்குறைய 1,30,000 ஏக்கர் விளைநிலம் நீரில் ஆழ்ந்தது. கேரோ பிழைத்தது. ஆனால் அந்நிலப்பரப்பினுள் பின்ஹூக் என்ற சிற்றூர் இருந்தது. கறுப்பின உழவர் குடும்பங்கள், வேறெங்கும் நிலம் கிட்டாத காலத்தில், வெள்ளம் வரும் என்று அறிந்தே வாங்கிக் குடியேறிய ஊர் அது. அவ்வூர் அழிந்தது. ஏழைகளின் ஊர் ஒன்றைக் காப்பதற்கு ஏழைகளின் மற்றோர் ஊர் விலையாயிற்று. இதில் நியாயம் எது என்று சொல்லுவது எளிதன்று. சட்டப்படி செய்தது சரியே. எனினும், அபாயமான தாழ்நிலம் எப்பொழுதும் யார் பங்கில் வந்து விழுகிறது என்ற கேள்வியை நாம் தவிர்த்துவிட முடியாது.

வெள்ளத்திற்குத் தப்பியவரை வேறொரு கேடு பெயர்த்தது. நெடுங்காலம் பழுது பார்க்கப்படாமல் சீர்கெட்டுக் கிடந்த இரு அரசாங்கக் குடியிருப்புகளை மூடப்போவதாக 2017ஆம் ஆண்டில் மத்திய அரசு அறிவித்தது. ஏறக்குறைய 400 பேர், அவர்களுள் பாதியளவு குழந்தைகள், வெளியேற நேர்ந்தது. ஊரில் வேறு வீடுகள் போதுமானவை இல்லாமையால் பலர் வெளியூர்களுக்குச் சென்றனர். 2010இல் 2,831 ஆக இருந்த ஜனத்தொகை 2020இல் 1,733 ஆயிற்று. பத்தாண்டுகளில் நூற்றுக்கு 39 பேர் குறைந்துவிட்டனர்.

அப்படியானால் கேரோ முடிந்துபோன கதையா? அங்கு வாழ்பவர் அவ்வாறு எண்ணவில்லை. 2015ஆம் ஆண்டில் ஊரிலிருந்த மளிகைக் கடை மூடப்பட்டபின், காய்கறி வாங்கவும் மக்கள் நதியைக் கடந்து செல்ல வேண்டியதாயிற்று. 2023ஆம் ஆண்டில் அவர்கள் கூட்டுறவு முறையில் தாமே ஒரு கடை திறந்தனர். நதிகள் கூடுமிடத்தில் புதிய துறைமுகம் அமைக்க 2020ஆம் ஆண்டில் மாநில அரசு 4 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. 1818இல் கோமிஜிஸ் கண்ட அதே கனவு, 200 ஆண்டு கழித்தும் அம்முனையை விட்டு அகலவில்லை.

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் பிழைப்பு நடத்தும் நமக்கு இவ்வரலாற்றில் சிந்திக்க இடமுண்டு. ஓர் ஊரின் வளத்தைக் கணக்கிடுவோர் நதியையும் ரயிலையும் பாலத்தையும் கணக்கிடுகின்றனர். வந்து சேர்ந்தவர்க்கு அவ்வூர் பள்ளியிலும் கடையிலும் குளக்கரையிலும் இடம் தந்ததா என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. கேரோவில் 1862இல் வந்து இறங்கியவர்களுடைய சந்ததியார், ஊரில் மற்றவர் பலர் வெளியேறிய பின்னரும், பெரும்பான்மையோராக அங்கேயே தங்கியிருக்கின்றனர். இடந்தர மறுத்தவர்கள் போய்விட்டனர். இடங்கேட்டு நின்றவர்களே அவ்வூரின் கரையைக் காத்து வருகின்றனர்.